ஏழாம் பக்கத்துக் கிணறு

நாவல்பட்டினம்
12-8-1936

பிரியமுள்ள அக்காள் பூங்காவனத்துக்கும் மாமாவுக்கும் தம்பி திருவேங்கடம் நமஸ்காரம். பெருமாள் புண்ணியத்தில் இங்கே உடம்புக்குக் குறைவில்லை. இருமல் மட்டும் போவேனா என்கிறது. உன் முழங்கால் வலிக்கு நான் சொன்ன தைலம் தேய்த்தாயா என்று எழுதவும்.

வசந்தாவுக்குக் காட்டுப்பாக்கத்தில் இடம் அமைந்ததைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை சம்பத் ரயில் பட்டறையில் வேலை என்று எழுதியிருந்தாய். மாசம் பிறந்தால் சம்பளம் வரும் மாப்பிள்ளை, ஏரி நிரம்பினால்தான் சோறு என்கிற கவலை அவளுக்கு இருக்காது. மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம், விளையாட்டுக்குத்தான் எழுதினேன்.

இங்கேயும் ஒரு விசேஷம். நைனா வாட்ச்மேனாக இருந்த இந்த முசாபரி பங்களாவை நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது அல்லவா? வருகிற துரைமாரும் பட்டணத்து மனிதர்களும் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எழுத்தில் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒத்தாசையோடு நானே ஒரு சின்னப் புத்தகம் எழுதி, செங்கல்பட்டில் அச்சுப் போட்டுவிட்டேன். ‘நாவல்பட்டினமும் சுற்றுப்புறமும் – பார்க்கத்தக்க இடங்கள்’. அட்டையில் என் பெயர் இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை மதில், மண்டை ஓடு செதுக்கிய சமாதிக் கற்கள், யானை ஏறிப் போன சாய்வு மேடை, கால்வாய்ப் படகுத்துறை, உப்பளம், லைட் ஹவுஸ், மீன்காரக் குப்பத்துப் பெருமாள் கோயில் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். நைனா இருந்திருந்தால் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்.

கல்யாணத்துக்கு என்னால் ஆனதைச் செய்வேன்.

இப்படிக்கு உன் தம்பி,
திருவேங்கடம்


நசரத்பேட்டை
21-8-1936

சிரஞ்சீவி தம்பி திருவேங்கடத்துக்கு அக்காள் பூங்காவனம் ஆசீர்வாதம். இங்கே நான், உன் மாமா, வசந்தா, மாடு கன்று வரை எல்லோரும் சௌக்கியம். முழங்கால் என்னோடுதான் போகும், அதை விடு. நீ இருமலுக்கு ஆடாதொடை கஷாயம் வைத்துக் குடி.

புத்தகம் போட்டதைக் கேட்டு வசந்தா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு பிரதி அனுப்பு. யாரோ துரைக்குக் கொடுக்கிறவன் சொந்த அக்காளுக்குக் கொடுக்கக்கூடாதா? கோட்டையில் இருக்கிற ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதியிருக்கிறாய். கிணற்றை மட்டும் எழுதவில்லை. அதை நானும் கவனித்தேன். எழுதாததும் நல்லதுதான்.

இப்போது காரியத்தைச் சொல்கிறேன். முகூர்த்தம் தை மாசம். பந்தக்கால் நடுகிறதற்கு முன்னால் நம் தங்கை அன்னத்துக்குப் பூவாடை அழைக்க வேண்டும். கன்னியாகச் செத்தவளைக் குடத்துத் தண்ணீரில் அழைத்து, வீட்டுக்குள் கூட்டி வந்து, புதுத்துணி சாத்தி உத்தரவு வாங்காமல் நம்மில் யாரும் தாலி கட்டினதில்லை. நைனாவுக்கும் அம்மாவுக்கும் பிறகு அவள் கூடை என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. உன் மாமா நம் அத்தை மகன் என்பதால் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். நீ வருஷா வருஷம் பொங்கலுக்கு அனுப்புகிற பாவாடையெல்லாம் அந்தக் கூடையில்தான் மடித்து வைத்திருக்கிறேன். பத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. பாவாடை வருகிறது, நீ வருகிறதில்லை.

அவள் விழுந்த கோட்டைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் வேண்டும். கூடப் பிறந்தவன் கையால் மொண்டு, கீழே வைக்காமல் கொண்டுவர வேண்டும். நீதான் தாய்மாமன், நீதான் கூடப் பிறந்தவன். இதற்கு வேறு ஆள் இல்லை. கார்த்திகையில் வந்துவிடு. முதல் நாளே வா, உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். கடற்கரையில் இருப்பவனுக்குக் கருவாடா என்று சிரிக்காதே.

உன் அக்காள்,
பூங்காவனம்


நாவல்பட்டினம்
30-9-1936

அக்காளுக்கும் மாமாவுக்கும் நமஸ்காரம். தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்பு சுமார். அங்கே மழை உண்டா?

கார்த்திகையில் வர முடியும் என்று தோன்றவில்லை. மேலதிகாரி எந்நேரமும் தணிக்கைக்கு வரலாம். பங்களாவைப் பூட்டிவிட்டு வந்தால் வேலை போய்விடும். தண்ணீரைப் பத்திரமாக அனுப்புகிறேன். படகுக்காரன் ராமன் நமக்கு வேண்டியவன், கால்வாய் வழியாக மயிலாப்பூர் வரை கொண்டுவந்து சேர்ப்பான். மாமா அங்கே வண்டியோடு வந்து வாங்கிக்கொண்டால் போதும்.

புத்தகப் பிரதி எல்லாம் தீர்ந்துபோயிற்று. மறுபடி அச்சானதும் அனுப்புகிறேன்.

இதோடு ஒரு பாவாடை அனுப்பியிருக்கிறேன். பச்சையில் மஞ்சள் பூ. பிடிக்குமென்று நினைக்கிறேன்.

திருவேங்கடம்


நசரத்பேட்டை
16-10-1936

திருவேங்கடத்துக்கு,

பிரதி தீர்ந்துபோயிற்று என்று எழுதினாய். எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

எதிர்வீட்டுப் பரந்தாமனைத் தெரியுமே, பூந்தமல்லி வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீல் குடும்பத்தோடு படகேறி உங்கள் ஊருக்கு வந்து கோட்டை பார்த்தானாம். நீ அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவனும் கூட்டத்தில் கூப்பிடவில்லை. நேற்று சாயங்காலம் நான் களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். சம்பத்தின் அம்மா பொன்னியம்மாவும் கல்யாணப் பேச்சுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். பரந்தாமன் புத்தகத்தை ஆட்டிக்கொண்டு வந்தான்.

“அக்கா, உன் தம்பி பேரு அச்சுல கீது பாரு. எல்லாம் ஷோக்கா எழுதிக்கீறாரு. ஏழாம் பக்கம் படிக்கிறேன், கேளு” என்றான்.

அவன் படித்ததை எழுத்து விடாமல் கீழே எழுதுகிறேன். நீ எழுதினதை நீயே ஒரு தரம் படி.

‘அன்னம் கிணறு. ஒல்லாந்தர் காலத்தில் அன்னம் என்னும் பதினெட்டு வயதுப் பேரழகி, கோட்டைக் காவலில் இருந்த சிப்பாய் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுத்தாள். கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை. கர்ப்பவதியான அப்பேதை இக்கிணற்றில் பாய்ந்து உயிர் நீத்தாள். ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டால் அவள் விம்முவது இன்றும் கேட்கும்.’

முறம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. பொன்னியம்மா என்னைப் பார்த்தாள். “இன்னாம்மா இது, உன் தங்கச்சி பேரும் அன்னந்தானே, அவளும் அந்தக் கோட்டைக் கெணத்துலதானே?” என்று கேட்டாள்.

அடப்பாவி. அவள் பாவாடை கட்டின பிள்ளை. புளியங்காயும் உப்பும் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தவள். அவளுக்குச் சிப்பாயும் கர்ப்பமும் கொடுத்து அச்சில் ஏற்றியிருக்கிறாய். ஊரான் எழுதியிருந்தால் போய் வாயிலேயே போட்டிருப்பேன். கூடப் பிறந்தவன் எழுதியிருக்கிறாய். அவள் தலையில் கல்லைப் போடச் சொல்லி வழிப்போக்கனுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். உனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மீதியை நீ கிழி.

பூங்காவனம்


நாவல்பட்டினம்
9-11-1936

அக்காளுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

உன் கடிதம் கண்டேன். நீ இவ்வளவு ஆத்திரப்படுகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? நீ நசரத்பேட்டையில் கரும்பும் நெல்லும் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். இங்கே வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியாது. இது மதில், இது சமாதி என்றால் கொட்டாவி விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வேண்டும். கிணற்றருகே வந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்து, இதிலே யார் விழுந்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை என்றால் நம்புவதில்லை. ஒரு கதை சொன்னேன். ஒல்லாந்தர் காலம் என்றுதானே எழுதியிருக்கிறேன், நம் வீட்டுப் பெண் என்றா எழுதினேன்? பெயர் வாயில் வந்துவிட்டது. அன்னம் என்று உலகத்தில் ஒருத்திதான் இருந்தாளா?

அவள் எனக்கும் தங்கைதான். நீ கல்யாணமாகிப் போய்விட்டாய், அவளோடு கடைசிவரை இங்கே இருந்தவன் நான். எனக்கு நீ பாசம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் குடத்தை வாய் கட்டி, மெழுகு வைத்து ராமனிடம் கொடுத்துவிட்டேன். கார்த்திகை முதல் வாரம் மயிலாப்பூர் வந்து சேரும். கோட்டைத் தண்ணீர்தான், கீழே வைக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நடக்க வேண்டியதை நல்லபடியாக நடத்தவும்.

திருவேங்கடம்


நசரத்பேட்டை
5-12-1936

திருவேங்கடத்துக்கு,

க்ஷேமம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், கேள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரையில் பூவாடை அழைத்தோம். உன் குடத்துக்கு வேப்பிலையும் பூந்தமல்லி மல்லியும் கட்டி, மஞ்சள் பூசி, கூடையிலிருந்த பாவாடை அத்தனையும் எடுத்துப் பரப்பி, அதன் மேல் வைத்தோம். பம்பை அடிக்க மண்ணூர்பேட்டை அய்யாசாமி வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வந்து நின்றார்கள். குடத்தை என் தலையில் ஏற்றினார்கள்.

“சின்னப்பையன் மகளே, கடலோரம் கண் மூடினவளே, அக்கா பொண்ணு கல்யாணம், வாம்மா” என்று நைனா பெயர் சொல்லி அவர் அழைத்தார். அடித்த அடியில் பம்பைத் தோல் சூடேறிவிட்டது. அவர் மகன் உடுக்கையை மாற்றி மாற்றி அடித்தான். குடம் சும்மா இருந்தது. எனக்கு உடம்பில் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை. வெயில் ஏறியது. வேப்பிலை வாடியது. நான் மத்தியானம் வரை குடத்தைச் சுமந்து நின்றேன், திருவேங்கடம். இந்த முழங்காலோடு நின்றேன். அவள் வரவில்லை.

அய்யாசாமி பம்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “எத்தினி ஊட்டுக்கு அடிச்சிக்கீறேன், இப்டி ஆனதில்ல. இந்தத் தண்ணில அவ இல்லம்மா. இது எங்கேர்ந்து மொண்டாந்தது?”

“கூடப் பொறந்தவன் மொண்டு அனுப்பிக்கீறான்” என்றேன்.

“அவுரு இன்னாத்துக்கு வரல?”

பொன்னியம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “ஊட்டுக் கன்னியே வராத ஊட்ல நாங்க எப்டிம்மா பொண்ணு எடுக்குறது? அந்தப் பொஸ்தகத்துல படிச்சதுதான் நெசம் போலக்கீது” என்றாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். வசந்தா அந்தப் பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்துக் கூடையில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

தைக் கல்யாணம் நின்றுவிட்டது. மாசிக்குள் பூவாடை வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு பெண் பார்க்கிறோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

நீ எந்தத் தண்ணீரை அனுப்பினாய்?

பூங்காவனம்


நசரத்பேட்டை
29-12-1936

திருவேங்கடத்துக்கு,

மூன்று வாரமாகிறது. தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் போய் நிற்கிறேன். அவனுக்கே என்னைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

நைனா செத்தபோது நான் வாயில் பால் விட வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா? கிணற்றுப் பலகையை மூடாமல் விட்டவர் அவர் என்று, அதற்கு முன்னால் எட்டு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. அன்னம் செத்ததை நான் எவ்வளவு பெரிதாக நினைத்தேன் என்று உனக்குத் தெரியும். உன்னோடு பேசாமல் இருப்பது எனக்கு அதைவிட எளிது.

எந்தக் கிணறு? அதை மட்டும் ஒரு கார்டில் எழுது.

பூங்காவனம்


நாவல்பட்டினம்
19-1-1937

அக்காளுக்குத் திருவேங்கடம் எழுதிக்கொண்டது.

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். நைனா பெயரை நீ எழுதியிராவிட்டால் இப்போதும் எழுதியிருக்கமாட்டேன். 

தண்ணீர் பங்களாக் கிணற்றுத் தண்ணீர். தோட்டத்துக்கு இறைக்கிற கிணறு. கோட்டைக் கிணற்றில் நான் பதினெட்டு வருஷமாக வாளி விட்டதில்லை. உனக்கு அனுப்புவதற்காகக் குடத்தை எடுத்துக்கொண்டு மூன்று தரம் போனேன். சுவரருகே நின்றேன், கயிற்றை உள்ளே விடக் கை வரவில்லை. திரும்பி வந்து இந்தத் தண்ணீரை மொண்டு மெழுகு வைத்தேன். தண்ணீர் எல்லாம் தண்ணீர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா பலகையை மூடாமல் விடவில்லை. நான்தான் திறந்தேன்.

நீ கல்யாணமாகிப் போன நாலாம் மாசம். பங்களாவுக்கு ஒரு துரையும் துரைசானியும் வந்திருந்தார்கள். நைனா தபால் கொடுக்கப் போயிருந்தார். நான் அவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். அதுதான் நான் முதல்முதலாக ஆட்களைக் கூட்டிப்போனது. அன்னம் பின்னாலேயே வந்தாள். கிணற்றின் ஆழத்தைக் காட்டுகிறேன் என்று பெருமைக்குப் பலகையைத் தள்ளினேன். துரைசானி எட்டிப் பார்த்தபோது காற்றில் அவள் குடை உள்ளே போய், சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றில் மாட்டிக்கொண்டது. வெள்ளைக் குடை, ஓரத்தில் சரிகை. துரைசானி முகம் வாடிப்போயிற்று. துரை என்னைப் பார்த்தார்.

எனக்கு இறங்கப் பயமாக இருந்தது. உனக்குத் தெரியும், உள்சுவரில் படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும். அன்னம் புறாக்குஞ்சு எடுக்க அதில் இறங்கி ஏறுவாள், அவளுக்கு அது விளையாட்டு. “எறங்கி எடுத்தா அன்னம், உனுக்குப் பச்சைப் பாவாடை வாங்கித் தாரேன்” என்றேன். “மஞ்சப் பூப் போட்டது” என்றாள். சரி என்றேன். இறங்கிவிட்டாள்.

குடையை எடுத்துவிட்டாள், அக்கா. மேலே ஏறி வந்து குடையை நீட்டினாள். நான் குனிந்து குடையை வாங்கினேன். குடையைத்தான் வாங்கினேன். அவள் கையைப் பிடித்திருக்கலாம். குடை அழுக்காகாமல் துரைசானியிடம் கொடுக்கத் திரும்பினேன். கல் பெயர்ந்த சத்தம் கேட்டது.

ஆள் கூப்பிட்டு எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துரை என் தோளைத் தட்டி, எங்களைப் பற்றி யாரிடமும் சொல்லாதே என்றார். வண்டி ஏறிப் போய்விட்டார்கள். நைனா ஓடி வந்து பலகையைப் பார்த்துவிட்டு, “நான்தான் காலையில மூடாம போய்ட்டேன் போலக்கீது” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ அவரோடு பேச்சை நிறுத்தினாய். அதற்கப்புறம் சொல்ல முடியவில்லை.

பங்களா என் கைக்கு வந்ததும் ஆட்கள் கிணற்றருகே நின்று கேட்டபோது எதையாவது சொல்ல வேண்டுமென்று சிப்பாய்க் கதையைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது. அதனால்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திருவேங்கடம்


நசரத்பேட்டை
14-3-1937

திருவேங்கடத்துக்கு,

உன் கடிதத்தை உன் மாமா படித்துவிட்டு நாள் முழுக்க ஏர் ஓட்டினார். நான் எட்டு வருஷம் என் நைனாவைக் கொன்றேன். நீ அவள் கையை விட்டாய், அது பயம், பதினைந்து வயது, சரி. அவர் தலையில் அடித்துக்கொண்டபோது பார்த்துக்கொண்டு நின்றாயே, அதற்குப் பெயர் என்ன? அவர் சாகும்போது என் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். நீதான் எழுதியிருந்தாய். அன்றைக்காவது எழுதியிருக்கலாம். ஒரு வரி. நான் நடந்தே வந்திருப்பேன்.

நாங்கள் வந்ததை நீ பார்த்தாய். நானும் மாமாவும் வசந்தாவும் சொல்லாமல்தான் வந்தோம். பட்டணத்துக் கூட்டம் ஒன்றை நிற்க வைத்து, “இந்தக் கெணறு” என்று ஆரம்பித்தாய். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாய். கூட்டத்தில் ஒரு அம்மாள், “அப்புறம் இன்னாச்சு, சொல்லுங்க” என்றாள். கண்ணாடி போட்ட ஒருவன் அதற்குள் ஒரு கல்லை எடுத்துவிட்டான். அவன் கையை நான்தான் பிடித்தேன்.

“உள்ள என் தங்கச்சி கீறா. போடாதே” என்றேன். அவன் மரியாதையாகக் கல்லைக் கீழே வைத்தான். படிக்காதவன் மாதிரி நடந்துகொள்ளவில்லை. சொன்னால் கேட்கிறார்கள், திருவேங்கடம். பத்து வருஷமாக நீ சொல்லவில்லை.

நானே வாளி விட்டு மொண்டேன். நீ மதிலோரம் நின்றுகொண்டிருந்தாய். கிட்டே வராதது நல்லது. குடத்தைப் படகிலும் வண்டியிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தோம், மூன்று பேரும் மாற்றி மாற்றி.

ஏரிக்கரையில் அய்யாசாமி இரண்டு அடிதான் அடித்தார். அன்னம் வந்துவிட்டாள். என் மேல் இல்லை, வசந்தா மேல் வந்தாள். புளியங்காயும் உப்பும் கேட்டாள். மாசி மாசத்தில் புளியங்காய்க்கு எங்கே போவது? பரந்தாமன் நசரத்பேட்டை முழுக்க அலைந்து எங்கோ ஒரு கொத்துக் கொண்டுவந்தான். கடித்துவிட்டுச் சிரித்தாள், உத்தரவு கொடுத்தாள். பொன்னியம்மா அவள் காலில் விழுந்து கும்பிட்டாள்.

அவள் என்ன சொன்னாள் என்று நீ எதிர்பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

போன புதன்கிழமை கல்யாணம் முடிந்தது. தாய்மாமன் சடங்கை நம் நைனாவின் பங்காளி மகன் ஒருவர் செய்தார். உனக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம் என்றது நான்தான். பச்சைப் பாவாடையை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதை நீ கொடுக்க வேண்டிய நாள் போய்விட்டது. இனிமேல் அனுப்பாதே. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்த ஏழாம் பக்கம்.

பூங்காவனம்


நாவல்பட்டினம்
20-6-1937

அக்காளுக்கு,

கிணற்றுக்கு நைனாவின் பழைய பலகையையே செப்பனிட்டுப் போட்டு மூடிவிட்டேன். இப்போது ஆட்கள் அங்கே வந்தால் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தரம் பாதியில் நின்றுவிட்டது, இப்போது முடிக்க வருகிறது. சில பேர் செருப்பைக் கழற்றுகிறார்கள். சில பேர் அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். மேலதிகாரி, இதெல்லாம் வருகிறவர்களுக்கு எதற்கு என்று கோபித்தார். பழைய கதையே நன்றாக இருந்தது என்றார். வேலையை எடுத்தாலும் எடுக்கலாம்.

பிரதி தீரவில்லை, அதுவும் பொய்தான். இருநூறுக்கு மேல் அலமாரியில் இருந்தது. ஏழாம் பக்கத்துக்குப் புதுத்தாள் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். ஒரு தாள் உனக்கு வைத்திருக்கிறேன். 

‘கோட்டைக் கிணறு. இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. 1918-ஆம் வருஷம் ஆனி மாதம், பங்களாக் காவலர் சின்னப்பையன் மகள் அன்னம்மாள், வயது பன்னிரண்டு, பார்க்க வந்தவர்களின் குடையை எடுப்பதற்காக அவள் அண்ணன் இறக்கிவிட, இக்கிணற்றில் விழுந்து இறந்தாள். கிணறு திறந்து கிடந்ததற்கு அவள் தகப்பனார் பொறுப்பல்ல. கல் போட வேண்டாம். இதை எழுதியவன் அவளுடைய அண்ணன்.’

திருவேங்கடம்


நசரத்பேட்டை
2-7-1937

தம்பிக்கு,

தாள் வந்தது. வசந்தா படித்துக் காட்டினாள், பிறகு நானும் படித்தேன். நைனாவைப் பற்றி எழுதியிருப்பது சரி.

வயது தப்பு. ஆடிப் பூரம் வந்திருந்தால்தான் அவளுக்குப் பன்னிரண்டு. அதற்கு இருபத்தாறு நாள் இருந்தது. பதினொன்று என்று திருத்து. எல்லாப் பிரதியிலும் திருத்து.

பூங்காவனம்